சிவப்பு நூல் வைத்த பக்கம்

அப்பா,

படிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம்? நேரில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். காகிதத்தில் அது வரமாட்டேன் என்கிறது. பள்ளியில் கடிதம் எழுதும் வீட்டுப்பாடத்தில் பழகிய 'நீங்கள்'தான் வருகிறது.

தங்கை செல்வியின் வீட்டுப்பாட நோட்டு என் மடியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நீங்கள் மில்லிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தாளில்தான் அட்டை போட்டிருக்கிறாள். பெட்டிக்கு அடியில் நாலைந்து தாள் மிச்சம் இருந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசனை அதிலிருந்து இன்னும் போகவில்லை. நோட்டைத் திறந்ததும் முதல் ஷிப்டு முடிந்து நீங்கள் உள்ளே நுழைகிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

நோட்டுக்குள் பள்ளியில் கொடுத்த தாள் ஒன்றும் இருந்தது. வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எப்படி உதவலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அமைதியான இடம் கொடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள், ரேடியோவை நிறுத்துங்கள், நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், புரியாததை விளக்குங்கள், நோட்டைப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வெளக்கணுமாமா? நான் பாத்திரந்தான் வெளக்குவேன்" என்று சிரித்துவிட்டு அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நாங்கள் எழுதும் நேரத்தில் தண்ணீர் பிடிக்க எங்களை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தத் தாளில் குடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நீங்கள் செய்ததைப் பற்றியும் இல்லை. தாளை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எனக்கு உதவினீர்களா, உதவி என்றால் அது எந்த வகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் காலத்திலும் வகுப்புச் சுவரில் ஒரு வீட்டுப்பாட அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் தமிழும் கணக்கும், செவ்வாய் ஆங்கிலமும் அறிவியலும் என்று ஒரு நாளைக்கு இரண்டு பாடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு டீச்சரும் தன் பாடம் ஒன்றுதான் உலகத்தில் இருப்பதுபோலக் கொடுப்பார். கரும்பலகையில் இருப்பதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். அதில் ஒவ்வொரு நாளுக்கும் உள்ள கடைசிக் கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால்தான் மறுநாள் வகுப்பில் உட்கார முடியும்.

நீங்கள் அதையும் மில் வேலையாகவே எடுத்துக்கொண்டீர்கள். நெய்து வந்த துணியை, நீங்கள் 'பீஸு' என்பதை, சாய்வு மேசையில் இழுத்துப் போட்டுப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. இழை அறுந்த இடமோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் கரையோரம் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிட வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் நூல் துண்டுகள் கிடக்கும். நெல்லித்தோப்பு வீட்டின் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, டீ ஆறுவதுகூடத் தெரியாமல், என் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகத் திருப்புவீர்கள். ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஏதோ ஒரு வரியில் விரல் நிற்கும்.

"இங்க கை தடுமாறியிருக்குதே. இன்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவலப்பா."

"அப்ப மேல் வரி மாதிரி இது ஏன் இல்ல? இன்னா எழுதியிருக்கிற, சொல்லு."

சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அது பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதிய வரியாக இருக்கும். நீங்கள் திட்டமாட்டீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு நூலை வைத்து மூடிக் கொடுப்பீர்கள். நான் சரிசெய்துவிட்டு நூலைத் திருப்பித் தர வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இன்றும் விளங்கவில்லை. சில நாள் அங்கே தப்பே இருக்காது, பேனாவில் மை தீர்ந்திருக்கும்.

கணக்கு நோட்டைப் பார்த்த அன்று உங்கள் முகம் சுண்டிப்போனது நினைவிருக்கிறது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"இன்னாம்மா இது, பீஸு பூரா பழுதா?"

"அது சரின்னு போட்டதுப்பா."

"சரியா இருந்தா எதுக்குக் கோடு போடணும்? சும்மா வுட வேண்டியதுதான?"

"டீச்சருக்கே வேல கத்துக் குடுக்கறாரு பாரு" என்றாள் அம்மா.

நான் எவ்வளவு சொல்லியும் நீங்கள் முழுக்க நம்பவில்லை. டீச்சர் கைபடாத பக்கத்தைத்தான் நல்ல பக்கம் என்று தடவிப் பார்த்தீர்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் லென்ஸ் பாடம் வந்தது. கதிர் எங்கே வளையும், பிம்பம் எங்கே விழும் என்று எனக்குப் புரியவே இல்லை. எழுந்து கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்தப் பயத்தில் இரண்டு வாரம் அறிவியல் வீட்டுப்பாடமே செய்யவில்லை. டீச்சர் சின்ன நோட்டில் எழுதினார்: "தங்கள் மகள் அறிவியல் வீட்டுப்பாடம் செய்வதில்லை. நேரில் வரவும்."

"இன்னா எழுதியிருக்காங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"நல்லா படிக்கிறேன்னு எழுதியிருக்காங்கப்பா."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தீர்கள். பிறகு கையெழுத்துப் போட்டீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பழக்கிவிட்ட எழுத்து அது. கடைசியில் ஒரு வால் கீழே இறங்கி, பெயருக்கு அடியில் ஓடி, திரும்பி வரும். முடியும்வரை மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். அன்று நானும் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் நோட்டைத் திறந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் கிடந்தது.

"இது என்னம்மா நூல்?"

"அட்டை போட்டப்ப ஒட்டிக்கிச்சு டீச்சர்."

"அப்பா வரலையா?"

"ஷிப்டு டீச்சர்."

"திங்கக்கெழமயாவது வரச் சொல்லு."

நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை டீச்சர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாரா? நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா? அந்த நூலை நீங்கள் அங்கேதான் வைத்தீர்களா, வேறு பக்கத்திலிருந்து நழுவி வந்ததா? டீச்சர் எழுதிய பக்கத்தில் நீங்கள் அதற்கு முன்னால் நூல் வைத்ததே இல்லை.

அதே வாரத்தில் எதிர்வீட்டு மேரி அக்கா, காலேஜில் படித்துக்கொண்டிருந்தவர், தானாக வந்து உட்கார்ந்து லென்ஸ் பாடம் சொல்லிக் கொடுத்தார். பல வருடம் கழித்து, அவர் கல்யாணமாகிப் பிரான்சுக்குக் கிளம்பும்போதுதான் கேட்டேன், அப்பா அனுப்பினாரா என்று. "ஆமா, வந்தாரு. 'படம் போடுற நோட்டுல எம் பொண்ணு கோடு நடுங்குது, கொஞ்சம் பாரும்மா'ன்னாரு. அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானா? சின்ன நோட்டை நீங்கள் அவரிடம் காட்டவில்லையா? அதை வாய்விட்டுக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பஸ் ஏறிவிட்டார்.

உங்களிடமும் கேட்கவில்லை. அந்த நூலை நான் திருப்பித் தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பட்டம் வாங்கி வந்த அன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் சான்றிதழைச் சன்னலோரம் கொண்டுபோய், விளிம்பில் விரலை ஓட்டி, "பழுதில்ல" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

சித்திரையில் நீங்கள் போனீர்கள். ஆனியில் பள்ளி திறந்ததும் செல்வி நோட்டை நீட்டினாள்.

"அக்கா, அப்பா மாதிரியே போட்டுக் குடு."

"நான் என் பேரு போடறேன்டி."

"வேணாங்க்கா. பேரு மாறினா ஏன்னு கேப்பாங்க. அப்பா இல்லன்னு எழுந்து நின்னு சொல்லணும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

திரும்பிப் பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்தேன். முதல் தடவையிலேயே வால் சரியாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு அடித்துவிட்டுத் தட்டாஞ்சாவடியிலிருந்து வந்து, தினமும் உங்கள் பெயரைப் போடுகிறேன். மூன்று வாரமாகிவிட்டது.

உங்களைப்போலவே அவள் நோட்டையும் பார்க்கிறேன். ஆனால் எனக்குப் படிக்கத் தெரிவதால் கை தடுமாறிய இடம் தெரிவதில்லை, பாடம்தான் தெரிகிறது. அதனால் இன்று நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். எழுத்தெல்லாம் எழுத்தாக இல்லாமல் இழையாக மாறிவிட்டது. உங்களுக்கு இப்படித்தான் தெரிந்ததா? அல்ஜீப்ராவில் ஒரு வரி ஆடியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றாள்.

அவளுடைய சின்ன நோட்டையும் அப்படியே தலைகீழாகப் பார்த்தேன். கடைசிக் கட்டங்களில் வரிசையாக நான் போட்ட உங்கள் கையெழுத்து. சரியாக வந்தது என்று நான் நினைத்திருந்தேன். இல்லை அப்பா. ஒவ்வொரு வாலும் திரும்பும் இடத்தில் கை நின்றிருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தப்பவே தப்பாது.

ஒன்பதாம் வகுப்பு நூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது. அதை இந்தக் கையெழுத்துகள் இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். செல்வியிடம் இன்னும் பேசவில்லை, பேச வேண்டும். டீச்சரிடம் அவள் எழுந்து சொல்ல வேண்டாம், அரை நாள் லீவு போட்டு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. போகிறேன்.

அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் இனிக் கேட்கவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்றைய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா, அப்பா?