வலப்பக்கம் பார்க்கும் மோட்டார்

ஜூன் 3, செவ்வாய்

துவைக்கப் போடுவதுபோல் எடுத்து, கொழுந்தனின் சட்டைப்பையைத் துழாவினேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? கட்டின புருஷன் பையைக்கூட இதுவரை துழாவியதில்லை. அதில் ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம். கொழுந்தன் பையில் இருந்தது: இரண்டு மெல்லிய வாஷர். என் வாஷர்!

போன ஞாயிறு மைதானத்தில் என் ரிமோட் விமானத்தைச் செங்குத்தாக ஏற்றினேன். பாதி வானத்தில் இடப்பக்கம் தள்ளாடியது, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி. விசிறி சுழலும் வேகத்தில் விமானம் இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். அதற்காகவே மோட்டாரை மாட்டும்போது, இடப்பக்கத்து ஸ்க்ரூ இரண்டுக்கும் அடியில் வாஷர் கொடுத்து, மோட்டாரின் முகத்தை ஒரு நூல் வலப்பக்கம் திருப்பி வைப்பேன். வீட்டுக்கு வந்து விமானத்தின் மூக்குமூடியைக் கழற்றினால் வாஷர் இரண்டையும் காணோம். ஸ்க்ரூ மட்டும் கிண்ணென்று இறுக்கியிருக்கிறது. வாஷருக்கு என்ன, இறக்கையா முளைத்தது?

இந்த விமானப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே கொழுந்தன்தான். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் மாடி அறையில் இருக்கிறான். இறக்கைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்ட இஸ்திரிப்பெட்டி கேட்டு என் தையல்கடைக்கு வந்தான். அவன் ஒட்டிய லட்சணம் பொறுக்காமல், "தள்ளு தம்பி" என்று நான் உட்கார்ந்தேன். அங்கே ஆரம்பித்து மோட்டார் மாட்டுவது வரை வந்துவிட்டேன். இதுவரை நான் செய்வேன், அவன் பறக்கவிடுவான். இந்த வருடம்தான் விமான வித்தைப் போட்டிக்கு என் பேரைக் கொடுத்தேன்.

"அண்ணி, இது தையல் மிஷின் இல்ல, மிதிச்சா ஓடுறதுக்கு" என்றான்.

"மிதிக்கிறதுக்குத்தான் நீ இருக்கியே தம்பி" என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

புது வாஷர் வைத்தாயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கொழுந்தன் தண்ணீர் குடிக்க என்று கீழே வந்தான். மாடியில் தண்ணீர் இல்லையா? விமானம் இருக்கும் மேசைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். "மோட்டார் செட் பண்ணியாச்சா அண்ணி?" என்று கேட்டான். எதற்குக் கேட்க வேண்டும்?

அவன் போனதும் துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் ஸ்க்ரூத் தலையிலிருந்து மோட்டார் வரைக்கும் நான்கு ஸ்க்ரூவிலும் மெல்லிசாகக் கோடு போட்டேன். இனி யாராவது திருகினால் கோடு முறியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் மூளை வேலை செய்யாது என்று நினைத்தானா?

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன கோலமா போடுற?" என்றார். அவர் கதவு நிலை மாட்டும் தச்சர். விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது அவர் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது.

"ஆமா, மோட்டாருக்கு அலங்காரம்" என்றேன். போய்விட்டார். பாவம், சூது தெரியாத மனுஷன்.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடியும் இடப்பக்கம்.

"அண்ணி, வால் திருப்புங்க, வலப்பக்கம் கொடுங்க!" என்று பக்கத்தில் நின்று கத்துகிறான். என்ன அக்கறை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

திரும்பி வந்து மூடியைக் கழற்றினேன். நான்கு கோடும் முறிந்திருந்தது. வாஷர் இல்லை.

சாப்பிடும்போது வாயை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. "தம்பி, லிஃப்ட்ல ஸ்க்ரூவ கழட்டினா ஆள் கீழ விழுவான். என் விமானத்துல கழட்டினா யாரு விழுறது?" என்று சும்மா கேலி மாதிரிதான் எடுத்தேன். அவன் புரியாமல் விழித்தான். அந்த நடிப்பைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் பறக்கவிடுறது பொறுக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு! உன் சட்டைப் பையில என் வாஷர் எப்படி வந்துச்சு?"

"தரையில கிடந்துச்சு. மிதிச்சிடுவீங்கன்னு எடுத்து வச்சேன்." அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "என் பையை ஏன் அண்ணி பாத்தீங்க?"

வீட்டுக்காரர் தலையைத் தட்டை விட்டு நிமிர்த்தவே இல்லை. கொழுந்தன் கை கழுவிவிட்டு மேலே போனான். துணிப்பையோடு இறங்கினான். கூட வேலை செய்கிறவன் வீட்டில் இருந்துகொள்கிறானாம்.

போகட்டும். குற்றமுள்ள நெஞ்சு.

ஜூன் 10, செவ்வாய்

மாடியில் விளக்கு எரியவில்லை. கேலி செய்ய ஆளில்லாமல் வாய் ஊறுகிறது. மூன்றாவது தடவையாக வாஷர் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் மறந்துவிட்ட ஜிப் ஒன்றை எடுக்க மத்தியானம் கடையிலிருந்து வந்தேன். மேசையில் என் விமானம். மூக்குமூடி ஒரு பக்கம். வீட்டுக்காரர் மூலைமட்டத்தை மோட்டாருக்கு எதிரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"என்ன பண்றீங்க?"

"மூஞ்சி கோணலா நிக்குது. நேரா வைக்கிறேன்."

"எத்தனையாவது தடவை?"

"நானும் நேராக்குறேன், நீயும் திரும்பத் திரும்பக் கோணலாவே மாட்டுற."

"அன்னிக்கு அவன அந்தக் கேள்வி கேட்டேனே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவன் எதிர்ல எப்படிச் சொல்றது? உனக்கு மோட்டார் நேரா மாட்டத் தெரியலன்னு அவனுக்குத் தெரியணுமா? நீ பாட்டுக்குப் பேரு கொடுத்திருக்க. சத்தமில்லாம சரி பண்ணி வச்சா உனக்குத்தானே மரியாதைன்னு பாத்தேன்."

இந்த மனுஷனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? உட்கார வைத்து வாஷர் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கோணல்தான் நேரா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது செரிக்கவில்லை.

என் வாய்க்கு மட்டும் யாராவது ஒரு மூடி செய்து கொடுத்தால் தேவலை. அவனைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டேனே. இனி எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

ஜூன் 13, வெள்ளி

போய் நின்றேன். வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "உன் அண்ணன்தான் தம்பி. தப்பு என்னோடது. உன் பையில கை விட்டது அதவிடப் பெரிய தப்பு."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அண்ணன் பண்ணினது விளையாட்டு. நீங்க நெனச்சதுதான் அண்ணி கஷ்டமா இருக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் பின்னால் நின்று அடுத்தடுத்த வித்தையைச் சொல்ல ஆள் வேண்டும், வருவாயா என்று கேட்டேன். "மழை வரும்போல இருக்கு, கிளம்புங்க" என்றான். வானத்தில் மேகமே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

என் பேரைக் கூப்பிடும்வரை அவன் வரவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: "அவசரம் வேண்டாம் அண்ணி. முதல்ல செங்குத்து."

ஏற்றினேன். கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி நேராக ஏறியது. அவன் சொல்லச் சொல்ல வளையம், புரளல், தலைகீழ் எல்லாம் ஆயிற்று. கடைசியில் மோட்டாரை அணைத்து, மெதுவாகத் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறானா, சளியா? ரிமோட்டை மறந்து திரும்பிப் பார்த்தேன். "பயலே, உன்ன விட்டா எனக்கு யாருடா?" என்றேன். அவன் என் தோளுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

நடுவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இன்னும் தரை தொடாத விமானம் அந்த நாற்காலியைப் பார்த்துப் போயிற்று. இருவரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.