சிறுமலை இன்று பதில் சொன்னது

லேபில் நாலாவது கம்ப்யூட்டரின் முகப்பில் நீ ஒட்டிய பிளாஸ்டர் இன்னும் இருக்கிறது. கேபிள் போடும்போது விரலைக் கீறிக்கொண்டாயே, அன்று உன் கைப்பையில் மிச்சமிருந்த பிளாஸ்டர். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘சிறுமலை’ என்று எழுதினாய். இன்று காலை தூசி தட்டும்போது ஓரம் பிய்ந்து வந்தது. திரும்ப அழுத்தி ஒட்டும்போது அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்து அழுதேன் என்றால் பொய். என்னை நினைத்துத்தான்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தக் கல்லூரி லேபில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பழைய கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே பெரிய கணக்கை எல்லாம் சேர்ந்து போடும்படி கிளஸ்டர் அமைத்தபோது, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டியிருந்தது. நான் விழித்துக்கொண்டு நின்றேன். நீ யோசிக்கவே இல்லை, திண்டுக்கல் பக்கத்து ஊர்ப் பெயர்களாகவே வைத்தாய். எல்லாம் வந்து சேரும் தலைமைக் கம்ப்யூட்டர் திண்டுக்கல். கூப்பிட்டவுடன் ஓடி வருவது தாடிக்கொம்பு. நாலாவது மட்டும் எதைக் கேட்டாலும் சுணங்கியே பதில் சொல்லும்.

“சிறுமலைக்கு பஸ்ஸே அம்புட்டுத்தான்டி. செத்த நேரம் நின்னாத்தான் வரும்” என்றாய்.

பிறகு புதிதாக வந்த துறைத்தலைவர் திரையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, லேபா பஸ் ஸ்டாண்டா?” என்று சிரித்தார். ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு நோட் ஒன்று, நோட் இரண்டு என்று எண் வரிசையில் மாற்றச் சொன்னார். மாற்றினாய். ஆனால், எந்த முகவரி எண்ணுக்கு எந்தப் பெயர் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எழுதி வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், புதுப் பெயருக்குப் பக்கத்திலேயே பழைய பெயரையும் விட்டு வைத்தாய். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதே கம்ப்யூட்டர்தான் வரும். ஒன்றுக்கு இரண்டு பெயர் எதற்கு என்று நான் சலித்துக்கொண்டேன்.

“பழைய பேரச் சொல்லிக் கூப்பிடுற புரோகிராம் எம்புட்டு இருக்குன்னு நமக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வந்து முட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல?”

உன் டப்பாவிலிருந்து பீர்க்கங்காய் வெஞ்சனத்தை அள்ளிக்கொண்டே ஆமாம் போட்டேன். காதில் வாங்கவே இல்லை.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். அந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவற்றை அழித்தேன். குழு வந்தது, காபி குடித்தது, போய்விட்டது. ஃபைலை ஒருவரும் திறக்கவில்லை.

கிணறுகளின் நீர்மட்டத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிற ஒட்டன்சத்திரத்துப் பெண்ணை நினைவிருக்கிறதா? அவளுக்கு நீ எழுதிக்கொடுத்த புரோகிராம், கணக்கு முடிந்ததும் விடையைத் ‘திண்டுக்கல்’லுக்கு அனுப்பிவிட்டு, ஓடிய கம்ப்யூட்டரில் இருப்பதைத் துடைத்துவிடும். குழு போன மறுவாரம் அது திண்டுக்கல்லைத் தேடியிருக்கிறது. அப்படி ஒரு பெயரே இல்லை. அனுப்ப முடியவில்லை, ஆனால் துடைத்துவிட்டது. வாரக்கணக்கில் ஓடிய கணக்கு. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அவள் காலியான ஃபோல்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கண நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சொன்னேன்: “அவ வச்ச செட்டிங் சார். எதுல என்னத்த எழுதி வச்சிருக்காளோ, யாருக்குத் தெரியும்?”

நாக்கு கூசவில்லையடி. அடுத்த நாள் துறைக் கூட்டத்தில் அவர், “முந்தி இருந்தவங்க இஷ்டத்துக்குச் செஞ்சு வச்சதால ஒரு பொண்ணோட உழைப்பே போச்சு” என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் டீயில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று பிளாஸ்டரை ஒட்டிய கையோடு எல்லாப் பெயர்களையும் திரும்ப எழுதினேன். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சிறுமலை வழக்கம்போல் சுணங்கித்தான் பதில் சொன்னது. பிறகு அந்தப் பெண்ணிடம் போய், பெயர்களை அழித்தது நான்தான் என்றேன்.

“தெரியுமுங்க மேடம்” என்றாள். “அன்னிக்கே ஃபைலைத் திறந்து பார்த்தேனுங்க. கடைசியா மாத்துன தேதி அதுலயே இருந்துச்சுங்களே. அக்கா அப்ப இல்லீங்களே.”

எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே எனக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பும்போது, “சார்கிட்டயும் சொல்லீருங்க மேடம். அக்காவைத்தானே தப்பா நெனச்சுட்டு இருக்காரு” என்றாள்.

உடனே போயிருக்க வேண்டும். போகாமல், என் மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்வது சுலபம். நீ திட்ட மாட்டாய், முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாய். அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சார் அறையில் விளக்கு எரிகிறது. இந்த மடலை ஒழுங்காக எழுதி முடித்துவிட்டால் பாரம் இறங்கிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முடிக்காமலே எழுந்து போகிறேன்.