இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

நகரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அக்ஷயாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்தம் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வாங்கித் தருகிற கார் முடிவாகிவிட்டது. எது வேண்டுமோ பாருங்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் நைனா டீசல் வேண்டும், கியர் வண்டி வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பவர்லூமுக்கு மோட்டார் வாங்கியே பழகினவர், சத்தமும் இழுவையும் இருந்தால்தான் அவருக்கு அது இன்ஜின். திருமலை ஏற வேண்டாமா என்பார், என்னவோ தினமும் மலைக்குப் போய்வருகிற மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. போன ஆடியில் பள்ளிக்கூடப் படியில் விழுந்து இடது கணுக்கால் முறிந்ததும் புத்தூரில் கட்டுப் போட்டதும் உனக்குத் தெரியும். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஆனால் கிளட்ச்சை மிதித்துப் பிடித்தால் கால் நடுங்குகிறது, பழைய காரைத் தொடவே பயம். புத்தூர் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் ஏறி இறங்கவும் முடியவில்லை, டீச்சர் வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்துவிட்டேன். அப்போதுதான் நீ அவரிடம், வண்டியை யார் ஓட்டப் போவது, அம்மாவைக் கேட்டீர்களா என்றாயாம். மனுஷன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி ஷோரூமுக்குப் போனோம். நந்திதா என்று ஒரு பெண், தமிழும் தெலுங்கும் கலந்து பொறுமையாக விசாரித்தாள். தினசரி ஓட்டம் புத்தூர் வரைக்கும்தான் என்றதும், அப்படியானால் டீசல் வேண்டாம், கிட்டத்திலேயே ஓடினால் புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும் என்றாள். தார் ரோட்டுக்கு முன்சக்கரம் இழுத்தாலே போதும், நாலும் இழுத்தால் எடையும் எண்ணெய்ச் செலவும்தான் கூடுமாம். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் ஒன்றைக் காட்டினாள், ஆட்டோமேட்டிக், கிளட்ச்சே கிடையாது. உன் நைனா தறி மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பானெட்டில் கையை வைத்து, இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையே என்றார். அது எப்போதோ பேட்டரியில் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகி நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான்தான் ஓட்டினேன், நந்திதா என் பக்கத்தில், அவர் பின்சீட்டில். மேம்பாலம் ஏறும்போது பாதியில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம், பின்னால் ஒட்டினாற்போல ஒரு பஸ். முன்பெல்லாம் இந்த மாதிரி இடத்தில்தான் வண்டி பின்னுக்கு உருளுமோ என்று உயிர் போகும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி அசையவில்லை, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஏறிவிட்டது. இடது கால் அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டதடி. உன் நைனா அதைப் பார்த்தார் போலிருக்கிறது, நந்திதாவிடம் மெதுவாக, "இந்த வண்டியே போட்டுடும்மா. அவ பேர்லயே எழுதிக்கோ, நான் பக்கத்துல குந்திக்கினு போறேன்" என்றார்.

நீ கேட்டிருக்காவிட்டால் நானாக வாய்திறந்து கேட்டிருக்கவே மாட்டேன் அக்ஷயா. வேலையை விடவில்லை, திங்கட்கிழமையே ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். என் வயிற்றில் பிறந்ததற்கு உனக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஹீட்டரை ஒட்டிப் படுக்காதே. தை மாதம் நீ வருகிறபோது டாக்சி எதுவும் சொல்லிவைக்காதே, ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன்.

உன் அம்மா,
சுலோச்சனா