இன்றைக்கு நான் மூணே கால்

மார்ச் 3

அவர் கண்ணை மூடின பிறகு இன்றுதான் ஜன்னலைத் திறந்தேன். பாலம் தாண்டினால் வேறு நாடு, வேறு காசு. பாலத்தடியில் வரிசையாக ஐந்து காசு மாற்றும் ஜன்னல்கள். எங்களுடையது நாலாவது. அவர் நாற்காலி ரொம்ப உயரம். எனக்குக் கால் தரையில் எட்டவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்தன் வந்து நின்றார். "அண்ணி, இது கொஞ்சம் அசந்தா ஆளைக் கவுத்துற தொழில். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. முடியலன்னா எங்கிட்ட விட்டுடுங்க. மாசாமாசம் ஒரு தொகை வீடு தேடி வந்துடும்."

கெட்ட மனுஷன் இல்லை. அண்ணன் மேல் உயிர். ஆனால் ஜன்னலை விட்டுவிட்டு நான் வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார? சுவரையா?

மார்ச் 4

அக்கரைக் காசு ஒன்றுக்கு நம் காசு மூணே கால்.

பலகையில் காலையில் ரேட் எழுதினதும் அவர் எனக்குத்தான் முதலில் போன் பண்ணுவார். போன் இல்லாத காலத்தில் மத்தியானம் சாப்பிட வரும்போது சொல்வார். நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண். அதனால் அக்கரைக் காசின் ரேட்தான் என் விலையாம். "இன்னிக்கு நீ மூணே கால்டீ."

கல்யாணத்தப்போ நான் நாலு. மகள் பிறந்தப்போ நாலரை. "பிள்ளை பெத்ததும் பவுசைப் பாரு" என்றார். அக்கரையில் வெள்ளம் வந்த வருஷம் ரெண்டுக்கு விழுந்தேன். எங்கள் அப்பா வீடே மண்ணோடு போன வருஷம். அழுதுகொண்டு கிடந்தேன். "ரெண்டு என்ன, ஒண்ணுமில்லாமப் போனாலும் உன்னை நான் மாத்த மாட்டேன்" என்றார்.

இன்று நானே எழுதி நானே படித்துக்கொண்டேன்.

மார்ச் 7

காலையிலிருந்து என் ஜன்னலில் மட்டும் கூட்டம். கைராசி என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு லாரிக்காரத் தம்பி வந்தான்.

"அக்கா, உங்ககிட்ட மூணே காலுக்கு வித்தேன். திரும்ப உங்ககிட்டயே மூணு பத்துக்கு வாங்கினேன். திரும்ப வித்தேன். ரெண்டு சுத்து போயிட்டேன், மூணாவது சுத்துக்கு மனசு வரலக்கா. பலகையைப் பாருங்க."

வெளியே போய்ப் பார்த்தேன். 'வாங்குவது' என்றால் வருகிறவர் வாங்குவது என்று நினைத்து, அதற்கு நேரே பெரிய எண்ணை எழுதியிருக்கிறேன். கடை வாங்குகிற விலையாம் அது. பலகை கடைக்காரர் வாயால் பேசணுமாம். நானோ வந்தவர்கள் பலகையைக் காட்டிச் சொன்ன கணக்கையே நம்பி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்து ஜன்னல்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நாங்க நாலு பேரும் ஈ ஓட்டுறோம், உங்க ஜன்னல்ல சினிமாவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்களேன்னு பார்த்தேன் தங்கச்சி!"

லாரிக்காரத் தம்பி லாபத்தைத் திருப்பி வைத்தான். டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டானாம். மற்றவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

மார்ச் 8

திறக்கல.

என்ன மனுஷன் நீங்க? வாங்குறது எது, விக்கிறது எதுன்னுகூட சொல்லித் தரல. நாலு, நாலரைன்னு கொஞ்ச மட்டும் தெரிஞ்சுது. இப்படி நடுத்தெருவுல நிக்க வச்சுட்டு — எனக்கு என்ன தெரியும்னு போனீங்க?

மார்ச் 9

"போனது போகட்டும் அண்ணி" என்றார் கொழுந்தன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாசக் கடைசி என்பதை மட்டும் இன்னொரு தரம் சொன்னார்.

திறந்தேன்.

மார்ச் 15

அக்கரையிலிருந்து என் அக்கா போன். "உருளைக்கிழங்கு நல்லா விளைஞ்சிருக்குடி. அடுத்த வாரம் தோண்டணும். இப்பவே முதுகை நினைச்சா பயமா இருக்கு."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மகள் பிறந்தது கிழங்கு தோண்டும் மாசம். அப்போ நான் நாலரை. அக்கா மகன் கல்யாணம், கிழங்கு விற்ற கையோடு. அப்போதும் ஏறினேன். "மாப்பிள்ளைக்குச் சித்தியாச்சே, விலை ஏறாதா" என்று கேலி பண்ணினார். வெள்ளத்தில் கிழங்கு அழுகின வருஷம்தான் ரெண்டுக்கு விழுந்தேன்.

ஆமாம், இங்கிருந்து வியாபாரிகள் லாரி லாரியாகப் போய் வாங்குவார்கள். அவர்களுக்கு அக்கரைக் காசு வேண்டும். எல்லாரும் கேட்டால் விலை ஏறத்தானே செய்யும்.

இத்தனை வருஷமும் எனக்கு ரேட் சொல்லிக் கொடுத்துக்கொண்டா இருந்தார்? இல்லை. கொஞ்சத்தான் கொஞ்சினார். நான்தான் ஒன்றையும் மறக்கவில்லை.

மார்ச் 16

மற்ற ஜன்னல்களில் மூணு பத்துக்கு வாங்கினார்கள். நான் மூணு பதினைந்து போட்டேன். வந்த அக்கரைக் காசையெல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

கொழுந்தன் ஓடி வந்தார். "அண்ணி, மறுபடியும் மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல தம்பி. தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்."

"இவ்வளவு அக்கரைக் காசை வச்சு ஊறுகாயா போடப் போறீங்க?"

கிழங்கு வரைக்கும் பொறுங்கள், அப்போதும் விலை விழுந்தால் ஜன்னல் சாவியை நானே தந்துவிடுகிறேன் என்றேன்.

மார்ச் 20

விழுந்துவிட்டது. நான் மூணு பதினைந்துக்கு வாங்கினதை இன்று மூணு பத்துக்குக்கூட விற்க முடியவில்லை.

மார்ச் 22

அங்கேயே நிற்கிறது. "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க தங்கச்சி" என்றார் பக்கத்து ஜன்னல்காரர். நானும் சிரித்து வைத்தேன். சோறு இறங்கவில்லை.

மார்ச் 26

லாரிகள்! பாலம் தாண்டி அந்த வளைவு வரைக்கும் லாரிகள்!

காலையில் மூணு நாற்பது, மத்தியானத்துக்குள் மூணே முக்கால். மற்ற ஜன்னல்களில் அக்கரைக் காசு தீர்ந்துபோய் என்னிடம்தான் அனுப்பினார்கள். லாரிக்காரத் தம்பி பலகையை ஒருமுறைக்கு இருமுறை படித்தான்.

"அக்கா, இன்னிக்கு நேரா எழுதியிருக்கீங்களா?"

"நேராத்தான் இருக்கு. ஒரு சுத்துக்கு மேல கிடையாது, போ."

அவர் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். சிரித்த பிறகு யாருக்குப் போன் பண்ண என்று கை தேடியது. மகளுக்குப் பண்ணினேன். ரெண்டு பேரும் அழுதோம். நல்ல அழுகைதான்.

மார்ச் 31

கொழுந்தன் சாயந்திரம் வந்தார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளம்பும்போது, "ஜன்னல் வாடகைச் சீட்டை உங்க பேர்லயே எழுதச் சொல்லிட்டேன் அண்ணி. நாளைக்குக் கையெழுத்துப் போட வரணும்" என்றார்.

ஏப்ரல் 6

காலையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஜன்னல்காரர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் பலகையில் ஒன்றுமே இல்லை.

"என்னண்ணே, இன்னும் எழுதலையா?"

"நீங்க எழுதுங்க தங்கச்சி, முதல்ல."

லாரிகள் குறைந்துவிட்டன. கிழங்கு முடியப் போகிறது. கொஞ்ச நேரம் யோசித்து, நேற்றைவிட ஐந்து காசு குறைத்து எழுதினேன். அவரும் குறைத்தார்.