டிரைவர் அண்ணன் கொடுத்த களிம்பு

மார்ச் 4

என் கண்ணாடிக் கடைக்காரிக்கு,

நலம்தானே? போன் செய்தால் உன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

படுக்கப் போனாலே "தலை வெடிக்குதுங்க, விடுங்க" என்று திரும்பிக்கொண்டாய். என் உடம்பு ஒத்துழைக்காமல் போன பிறகு எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? நானும் சும்மா இருக்கவில்லை. டிரைவர் அண்ணன் தன் நெஞ்சுவலிக் களிம்பைக் கொடுத்து, "அங்க தடவுப்பா, ரத்தம் ஓடும்" என்றார். ஓரளவு கேட்டது. நீ விலக விலக இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தடவினேன். நீயோ ஆஸ்பத்திரி என்று சாக்குச் சொல்லி அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டாய்.

பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதிவிடு.

உன் கண்டக்டர்

மார்ச் 9

அன்புள்ள என் கண்டக்டருக்கு,

அட கடவுளே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தத் தலைவலிக்காக எங்கள் கடையிலேயே இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன். மூளையில் ஏதோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரத்தக்குழாயை விரிக்கிற அந்தக் களிம்பு உங்களிடமிருந்து என் தோல் வழியாகவும் ஏறித்தான் தலையை இடித்ததாம். "அதை இனிமே தொடவே கூடாது. பூசுற மருந்துலயே இதுக்குன்னு தனியா இருக்கு. முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். எனக்கு உங்களைப் பிடிக்கும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடைக்காரி

மார்ச் 14

கடைக்காரிக்கு,

வந்தேன். எதிர்ச்சாரியில் நின்று உன்னைப் பார்த்தேன். என் கடிதத்தைப் படித்தவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே விரட்டுகிறவன், அந்த வாசலுக்குள் போக முடியாமல் திரும்பிவிட்டேன்.

உன் தலைவலி நிஜம் என்று படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். பாவி நான்! களிம்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். இனி என்னிடம் என்ன இருக்கிறது? வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்றும் எழுத வரவில்லை.

கண்டக்டர்

மார்ச் 27

என் கண்டக்டருக்கு,

நானும் உங்களைப் பார்த்தேன், யூனிஃபார்மோடு. கூப்பிட்டால் ஓடிவிடுவீர்களோ என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போனையும் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். ஆஸ்பத்திரி வேண்டாம், மருந்து வேண்டாம், வீட்டுக்கு வரட்டுமா என்றுதான் கேட்டேன்.

எனக்குத் தலைவலி சுத்தமாக நின்றுவிட்டது. "சரியாப் போச்சுல்ல, எப்ப கிளம்புற?" என்று அக்கா தினமும் கேட்கிறாள். நீங்கள் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வேன்? இன்னும் வலிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடைக்காரி