மங்கலம் வேண்டாம், நேராச் சொல்லு

இன்று காலை மாடி வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, கையில் கிண்ணத்தோடு வந்து நின்று, “சால் பாடொந்தோ” என்றாள். அரிசி பெருகிக்கொண்டிருக்கிறதாம். தீர்ந்துபோனது என்று வாயால் சொன்னால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று வங்காளிகள் இப்படித்தான் சொல்வார்கள். அரிசியைப் போட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் உன் நினைப்பு வந்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமாகித் தென்காசியிலிருந்து இங்கே பெஹாலாவுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மாள் இதையே உன்னிடம் சொல்ல, நீ அரைகுறை வங்காளத்தில் “கூப் பாலோ, ரொம்ப நல்லது” என்று வாழ்த்தி, வெறும் கிண்ணத்தோடு அனுப்பிவைத்தாய். பாவி, அந்தக் குடும்பம் அன்று என்னத்தைப் பொங்கித் தின்றதோ!

ஐம்பத்திரண்டு வயதில் தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டவள் நான்தான். எங்கள் வீட்டில் பேசியதும் நெல்லைத் தமிழ்தான் என்றாலும், இந்த ஊரிலேயே பிறந்த எனக்குச் சமையலறையைத் தாண்டித் தமிழ் தெரியாது. ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்த உன்னையும் இழுத்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் பாலிகஞ்ச் ஆபீசிலிருந்து நேரே லேக் கார்டன்ஸில் என் வீட்டுக்கு வந்துவிடுவோம். நான் அணியிலக்கணத்தை உருப்போடுவேன். நீ புத்தகத்தை மூடி அதன்மேல் டீயை வைப்பாய்.

“வஞ்சப்புகழ்ச்சிதான? நம்ம மேனேஜர் மாதிரி பொறுமைசாலி உண்டா, நாலு மாசமா ஒரு ஃபைலக்கூட அசைக்கலயே! தற்குறிப்பேற்றமா? மழை அதுபாட்டுக்குப் பெய்யுது. என் பூஜோ சேலையக் கொடியில பாத்துப் பொறாமையில பெய்யுதுன்னு நான் சொல்லுதேம்லா, அதான்.”

பரீட்சையில் அந்த மழையையும் சேலையையும் அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலைகால் தெரியாமல் ஆடியிருப்பாய்.

மங்கலம் என்ற பாடத்தில் மட்டும் உனக்குச் சிரிப்பு வராது. செத்தாரைத் துஞ்சினார் என்பதுபோல, சொல்லக் கூசுவதை நல்ல வார்த்தையால் மூடிச் சொல்லும் வழக்கு அது. உன் அம்மா இறந்த அன்று அக்கா உனக்கு போன் செய்து, “அம்மைக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ” என்றாள். ஊரிலிருந்து தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தானே சொல்வார்கள்? நீயும் கொஞ்சம்தானே என்று நம்பி, மறுநாள் ரயிலில் ஏறினாய். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து பதினோரு வருடம் அக்காவோடு நீ பேசவில்லை.

பிறகு உன் வயிற்றுவலி வந்தது. ரிப்போர்ட் வந்த அன்று உன் மகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்த, ஆறு மாசம்கூடக் கஷ்டமாம். அம்மாட்ட சொல்லிராதீங்க” என்று அழுதான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

“சின்னக் கட்டிதானாம். மருந்துலயே கரைஞ்சிருமாம்” என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். “ஏட்டி, என் உடம்ப வச்சு இலக்கணம் படிக்காத. மங்கலம் வேண்டாம், நேராச் சொல்லு. நாள் கெடக்குன்னா அக்காட்ட இன்னும் கொஞ்சம் வீம்பு பிடிப்பேன். இல்லன்னா இன்னைக்கே பேசணும்.”

என் கண்முன் உன் மகனின் முகமும் வந்தது, நீ பார்க்காமல் போன உன் அம்மா முகமும் வந்தது.

“ஆறு மாசம்கூட இல்லயாம்ட்டி” என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பி வெகுநேரம் அழுதாய். நானும் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு என் போனை வாங்கினாய். “அக்கா, நான் சாகப் போறேன். நீ வா.” அவ்வளவுதான் பேசினாய்.

பிளேன் படியையே மிதிக்காத மனுஷி, இரண்டாம் நாளே வந்து இறங்கினாள். கடைசிவரை உன் பக்கத்திலேயே கிடந்தாள். சொதியில் உப்பு கூட, குறைய என்று நீங்கள் இருவரும் போட்ட சண்டை தெருவரைக்கும் கேட்டது. உன் மகன் என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவனாகவே வந்து, “நல்லவேள சொன்னீங்க அத்த” என்றான்.

உன்னளவு தைரியம் எனக்கு ஏது? என் மகன் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட்டு, எப்படிம்மா இருக்கே என்பான். எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன் என்பேன். அவன் அப்பா போன நாளிலிருந்து ஆறு வருடமாக இதே பதில்தான். போன ஞாயிறும் அதுதான் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“நல்லா இல்லலே. வீடு வெறிச்சுனு கெடக்கு. ஒன்னத் தேடுது” என்றேன்.

 “இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?” என்றான்.

வெள்ளிக்கிழமை வருகிறான்.