அப்பா தலை கொடுத்த பந்துகள்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுடலைக்குமாருக்கு அம்மா எழுதுவது. கத்தாரில் நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். நாங்கள் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்கள், நீயும் மேட்ச் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய். மழை ஏமாற்றிவிட்டது, உளுந்து பூவோடு கருகிப் போனது, அது கிடக்கட்டும்.

போன மாதம் பால் வாங்கப் போன அப்பா மத்தியானம் வரை திரும்பவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் டீமில் அப்பாவோடு கோல்கீப்பராக நின்ற சேக் முகம்மது அண்ணன்தான் பைக்கில் தேடிப் போய்க் கயத்தாறு பஸ் ஸ்டாப்பில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். திருநெல்வேலியில செமி ஃபைனலு, டீம் வண்டி இன்னும் வரலையே என்று அப்பா சொன்னார்களாம். கையில் பால் செம்பு. மறுவாரம் உன் தங்கச்சி ஜெயப்பிரியா எங்கள் ரெண்டு பேரையும் மதுரைக்குக் கூட்டிப் போய் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாள். மூளை சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார், இல்லை என்றேன். ஃபுட்பால் ஆடினவங்க, இருபது வருஷம் கோலுக்கு முன்னால நின்னு தடுக்கிற ஸ்டாப்பர், வார பந்தெல்லாம் ஹெட்தான் அடிப்பாங்க என்று ஜெயப்பிரியா சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி ஆடியவர்களுக்கு இந்த மறதி நோய் கூடுதலாக வருகிறது என்றார்.

ஐப்பசி மழையில் ஆடும்போது தோல் பந்து தண்ணீர் குடித்து, கரிசல் மண் அப்பி, கல் மாதிரி கனக்கும். அதைத்தான் நெற்றியில் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார்கள், மழையில் நனைந்ததால் வந்தது என்று நினைத்து நான் தைலம் தேய்ப்பேன். டாக்டர் சொன்னதைக் கேட்ட சேக் முகம்மது அண்ணன், தினம் நூறு பந்து நான்தானே மதினி தூக்கிப் போட்டேன், அவன் தலைக்கு நானே போட்டேனே என்று விம்மிவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து, இவரு யாரு, ஏன் அழுதாரு என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். நீ எம்பி ஹெட் அடிப்பதை மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார்கள். யாரு வீட்டுப் பையன் இவன், நல்லா எம்புதான், நம்ம டீமுக்குக் கேட்டுப் பாரு என்றார்கள். மேட்ச் ஆடினால் ரெண்டு நாள் தலைவலி என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

ஆடாதே என்று சொல்லவில்லை. காலால் ஆடு, நெஞ்சில் வாங்கு, தலையைக் கொடுக்காதே. டீமில் எடுக்க மாட்டார்கள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அப்பா உன்னை மறந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நீ உன் பிள்ளையைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கக் கூடாது.

தலைவலிக்கு அங்கேயே டாக்டரிடம் காட்டு, மறுபடியும் தள்ளிப் போடாதே. மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், அப்பாவுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்.

உன் அம்மா,
முத்துமாரியம்மாள்